புல்தரையில் ஒரு பேருரை

1

இன்று காலை பல்கலைக்கழகத்தில் என் அறைக் கதவைத் திறந்தால், மேசை மேல் ஓர் எலுமிச்சம்பழம். அதன் உச்சியில் சிவப்பு மையில் ஒரு பொட்டு. பக்கத்தில் ஓர் அட்டை: ‘முதலாம் ஆண்டு நல்வாழ்த்துகள். தயவுசெய்து எதையும் கொளுத்த வேண்டாம்.’ கீழே துறையில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வகுப்புக்குப் போன பிறகும் அடங்கவில்லை. ஒரு துயரமான கவிதையை நடத்திக்கொண்டிருக்கும்போது இருமல் வந்ததுபோல் நடித்து முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வட இங்கிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் பொட்டு வைத்த எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரிலிருந்து படிப்பவர்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் நான் யார் என்று சொல்ல வேண்டும்.

பெயர் தேவகி. ஆம்பூர்க்காரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதையும் ஓவியமும்தான் என் படிப்பு, அதுவேதான் பிழைப்பும். இன்னும் குறுக்கிச் சொன்னால், மேகங்கள். அந்தக் காலத்துக் கவிஞர்களும் ஓவியர்களும் ஏன் அப்படி ஒரு வெறியோடு வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்ததை எப்படி எழுதினார்கள், எப்படி வரைந்தார்கள் என்று இத்தனை வருஷமாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். இதையெல்லாம் ஆம்பூரில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ‘பொண்ணு இன்னா பண்ணுது?’ என்று யாராவது கேட்டால் அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள்: ‘லண்டன்ல வெள்ளக்காரனுக்கே இங்கிலீஷ் சொல்லித் தருது.’ நான் இருக்கும் ஊருக்கும் லண்டனுக்கும் வெகுதூரம். ஆனால் ஆம்பூரிலிருந்து பார்த்தால் எல்லாமே லண்டன்தான்.

2

மேகத்தை வேலூர் வெயிலில்தான் கண்டுபிடித்தேன். கல்லூரிக்கு ஆம்பூரிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து, அங்கிருந்து பஸ். முதல் வருஷத்தில் ஆற்றைப் பற்றி ஒரு ஆங்கிலக் கவிதை பாடமாக இருந்தது. அந்த ஆற்றில் தண்ணீர் ஓடியதே எனக்கு முதல் ஆச்சரியம். எங்கள் பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகும். அதைப் பற்றி யாரும் கவிதை எழுத மாட்டார்கள், போட்டோதான் எடுப்பார்கள்.

நூலகத்தில் ஒரு பெரிய ஓவியப் புத்தகம் இருந்தது. ஒரு பக்கத்தில் வெறும் வானம். ஆள் இல்லை, வீடு இல்லை, ஒரு மாடுகூட இல்லை. சாம்பலும் வெள்ளையுமாகப் புரண்டுகொண்டிருக்கும் மேகம் மட்டும். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்று வருவதுபோல் இருந்தது. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு அங்கே தையல் லைனில் வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெஷின். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் கம்பெனி ஆங்கிலம்தான்.

“முடிக்காம வுட்டுட்டானே,” என்றாள் படத்தைப் பார்த்து. “ரிஜெக்ட் பீஸா?”

பிளஸ் டூ முடித்தபோதே சொந்தக்காரர்கள் எல்லோரும் நர்சிங் சேர்க்கச் சொன்னார்கள். வேலூர்ப் பக்கத்துப் பெண் நர்சு படித்தால் உலகம் முழுக்க வேலை என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்மா அவர்களிடம் சொன்னாள்: “அவளுக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருது. பொஸ்தகத்தப் பாத்தா வரல. வுடுங்க.” அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டதால் அம்மா சொன்னதுதான் முடிவு. பின்னால் நான் ஆற்காட்டுக்காரரான அருளைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் நர்சு. ஆக, குடும்பத்தின் நர்சு கணக்கும் நேராகிவிட்டது.

3

இங்கே ஒருவர் பேராசிரியராக உயர்ந்தால், ஊரறிய ஒரு பேருரை ஆற்ற வேண்டும் என்பது வழக்கம். அங்கி, தொப்பி, மேடை, பெரிய மனிதர்கள், பிறகு தேநீர். எனக்கு அந்த நாள் குறிக்கப்பட்டதும் முதலில் தோன்றியது, அம்மா வர வேண்டும் என்பதுதான். அவள் அதுவரை விமானம் ஏறியதில்லை.

விசாவுக்கு, அவள் ஊர் திரும்புவாள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். வீட்டுப் பத்திரம், பி.எஃப். பென்ஷன் தாள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். அம்மாவுக்குக் கோபம். “திரும்பி வராம அங்க குந்தினு நான் இன்னா பண்ணப் போறேன்? ஆடி மாசம் கூழு ஊத்தறது யாரு?” அதையும் ஓர் ஆதாரமாக எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஷமீம் அக்கா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஷமீம் அக்காவும் அம்மாவும் லைனில் பக்கத்துப் பக்கத்து மெஷின். அம்மாவைவிட அக்காவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் ஜாஸ்தி. அதிகாரி கேட்டாராம், மகள் என்ன வேலை செய்கிறாள் என்று. அம்மா, “புரொபசர்” என்றிருக்கிறாள். எந்தப் பாடம் என்று கேட்டதற்கு, “கிளவுட்.” அவர் முகம் மலர்ந்து, “ஓ, கம்ப்யூட்டர்!” என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

“நீ இல்லன்னு சொல்லியிருக்கணும்மா,” என்றேன் காரில்.

“ஏன் சொல்லணும்? அந்தாளே சந்தோஷமா வுட்டான். நான் எதுக்குப் பேஜாரு பண்ணிக்கணும்?”

எனக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, என் பாடம். மாணவர் எண்ணிக்கை குறைகிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடத்தையே நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. அதை முடிவு செய்யப் போகிறவர் ஹெலன் என்கிற உயரமான அம்மையார். துணைவேந்தருக்கு அடுத்த பதவி அவருக்கு. அவர்தான் என் பேருரைக்குத் தலைமை. நான் அன்று நன்றாகப் பேசியாக வேண்டும்.

இன்னொன்று, என் மகள். ஆசையாக இலக்கியா என்று பெயர் வைத்தேன். பள்ளியில் அது லக்கி ஆகிவிட்டது. “நாய்க்குட்டிக்கு வெக்கிற பேருடி அது,” என்றாள் அம்மா. பதினான்கு வயது. தமிழில் சொன்னால் பாதி புரியும்; பதில் ஆங்கிலத்தில்தான் வரும். தொலைபேசியில் அவளுக்கும் அம்மாவுக்கும் நடந்த உரையாடல் வருஷக்கணக்கில் ‘ஹாய் ஆயா’, ‘பை ஆயா’ என்ற அளவிலேயே நின்றிருந்தது. ஒரே அறையில் படுக்க வைத்தால் இரண்டு பேரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குப் பயம்.

அவர்களைச் சேர்த்து வைத்தது தொலைக்காட்சியில் வரும் ஒரு கேக் போட்டி. அம்மாவுக்கு அதில் அப்படியொரு பைத்தியம். “ஐயோ கருகுது, எட்றா! எட்றா!” என்று டிவியைப் பார்த்துக் கத்துவாள். நடுவர்கள் சொல்வதை இலக்கியா தடுமாறித் தடுமாறித் தமிழில் சொல்வாள். “அந்த ஆளு கேக் உள்ள… பச்சையா கீது” என்று அவள் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, சமையலறையில் நானும் அருளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் தமிழ்கூட அப்படி இல்லை. அது நேராக ஆம்பூரிலிருந்து வந்த தமிழ்.

இதற்கிடையில் வீட்டில் புகை எச்சரிக்கை மணி அடிக்காத நாள் இல்லை. மிளகாய் தாளித்தால் அடித்தது. வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டினால் அடித்தது. அருள் நாற்காலி மேல் ஏறித் துண்டை விசிறிக்கொண்டே இருப்பார். “சாமிக்குக் கற்பூரம் காட்டக்கூடாதா? இன்னா ஊடு இது?” என்று அம்மா நொந்துகொண்டபோது, அவளைச் சமாதானப்படுத்த நான் சொன்னேன்: “வீடு சின்னதும்மா. அதான் புகை தங்குது.”

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

4

பேருரை மண்டபம் பழங்காலத்தது. வானளாவிய மரக்கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். மேடைக்குப் பக்கத்து அறையில் எனக்குச் சிவப்பு அங்கியும் வெல்வெட் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். அம்மா அரக்குப் பட்டில் வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள்.

“பேண்டு செட்டுக்காரங்க மாரி கீறடி,” என்றாள். பெருமையோடுதான் சொன்னாள்.

மண்டபம் நிறைந்துகொண்டிருந்தது. நான் வாரக்கணக்கில் அடுக்கி வைத்த படங்கள் திரைக்குத் தயாராக இருந்தன. திரும்பிப் பார்த்தால், இலக்கியா தேநீர் மேசையிலிருந்து ஒரு சாஸரோடு வருகிறாள். அம்மாவின் கைப்பையிலிருந்து குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம், கற்பூரம், தீப்பெட்டி.

“அம்மா, இங்க வேணாம்!”

“சும்மா நில்லு. எத்தினி கண்ணு வெளில குந்தினு கீது பாத்தியா?”

“மணி அடிக்கும்மா!”

“அது சின்ன ஊட்டுக்குடி. இம்மாம் பெரிய எடத்துல புகை எங்க தெரியப்போவுது?” பழத்தின் மேல் கற்பூரம் எரிந்தது. “ஆம்பூரு கண்ணு, காட்பாடி கண்ணு, லண்டன் கண்ணு, எல்லாம் போ!”

மூன்றாவது சுற்று முடியவில்லை. கட்டடம் முழுவதும் அலறியது. ‘அனைவரும் உடனே வெளியேறவும்’ என்று கூரையிலிருந்து ஒரு குரல். அருள்தான் ஓடிவந்து, நர்சுகளுக்கே உரிய நிதானத்தோடு சாஸரை ஒரு கிண்ணத்தால் மூடினார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பேராசிரியர்கள், மாணவர்கள், ஊர்ப் பெரியவர்கள், ஹெலன் அம்மையார், பிஸ்கட் தட்டைக் கீழே வைக்க மறந்த ஒரு பரிசாரகர் என்று எல்லோரும் வரிசையாக வெளியே புல்தரைக்குப் போனார்கள். தெருமுனையில் தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது.

அம்மா கூட்டத்தை விட்டு விலகி ஒரு மரத்தடியில் நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தாள். நான் அருகே போனதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கெடுத்துட்டேன்டி. உன் வேலைக்கே உலை வெச்சுட்டேன். நாளைக்கே டிக்கெட்டு போடு, நான் போய்ட்றேன்.”

எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது உண்மை. அதை அந்த முகம் நிறுத்திவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், ஒரு தீயணைப்பு வீரர் சாஸரையும் கருகிய பழத்தையும் கொலை வழக்கின் தடயம்போலத் தூக்கிக்கொண்டு வந்து, “இது யாருடையது?” என்று கேட்டார்.

என் மகள் முன்னால் வந்தாள்.

“என் ஆயாவுடையது,” என்றாள் ஆங்கிலத்தில், கணீரென்று. “என் அம்மாவின் பாதுகாப்புக்காக. இல்லாவிட்டால் அவளுடைய கண் பட்டுத் துணியாகிவிடும்.”

கண் பட்டுவிடும் என்று அம்மா வீட்டில் நூறு முறை சொன்னதை அவள் அப்படிப் புரிந்து வைத்திருந்தாள். வீரர் குழம்பி என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். இவர் என் அம்மா. இத்தனை பேர் என்னைப் பார்க்க வந்திருப்பதால் அவர்களின் பொறாமை என்னைத் தாக்கக்கூடாது என்று கற்பூரம் சுற்றினார். சொல்லி முடித்ததும், முன்னால் நின்ற ஹெலன் மிகவும் சீரியஸாகக் கேட்டார்: “பலித்ததா?”

“இனிமேல்தான் தெரியும்,” என்றேன்.

முதலில் சிரித்தது அந்தத் தீயணைப்பு வீரர். அப்புறம் எல்லோரும்.

5

கட்டடத்தைச் சோதித்துவிட்டுத்தான் திறப்பார்கள்; அதற்கு நேரமாகும். “இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைப்போமா?” என்றார் ஹெலன். அதற்குள் பாடத்தின் தலைவிதி முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பதில் தேடி மேலே பார்த்தேன்.

காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கோபுரத்துக்கு மேலே வெள்ளை மலைகளாக மேகங்கள் வந்துகொண்டிருந்தன. அடிப்பக்கம் கருநீலம், விளிம்பில் வெளிச்சம். என் படங்கள் எல்லாம் உள்ளே பூட்டிக் கிடக்க, அவை எதைப் பார்த்து வரையப்பட்டனவோ அது வெளியே சும்மா போய்க்கொண்டிருந்தது.

“தள்ளி வைக்க வேண்டாம். இங்கேயே பேசுகிறேன்,” என்றேன்.

படிக்கட்டில் ஏறி நின்றேன். கையில் தாள் இல்லை. எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் சில ஓவியர்கள் செய்ததும் இதுதான் என்றேன். அறையை விட்டு வெளியே வந்தார்கள், மேலே பார்த்தார்கள். மேகம் யாருக்காகவும் உட்கார்ந்து முகம் காட்டாது. அதனால் கையில் கிடைத்த காகிதத்தில், சாயம் காய்வதற்குள், அது கலைவதற்குள் வரைந்தார்கள். கவிஞர்கள் அதே அவசரத்தில் சொற்களைத் துரத்தினார்கள். “இதோ, நான் பேச ஆரம்பித்தபோது இருந்த மேகம் இப்போது இல்லை,” என்றேன். நூறு தலைகள் திரும்பித் தேடின. எனக்குத் தலை கிறுகிறுத்தது. என் வாழ்நாளில் ஒரு வகுப்பும் நான் சொன்னதை உடனே சரிபார்த்ததில்லை.

காற்றில் அங்கி பட்டம்போல் விரிந்தது. தொப்பி பறந்தது. தீயணைப்பு வீரர் பாய்ந்து பிடித்தார், கைதட்டல். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் உரக்கக் கேட்டது:

“ஏ தேவகி! ஒண்ணும் கேக்கலடி! ஜோரா பேசு!”

ஷமீம் அக்கா. ஆம்பூரில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவரை இலக்கியா வீடியோவில் கூப்பிட்டிருந்தாள்; அம்மா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் ஜோராகப் பேசினேன்.

பிறகு ஆலைகளின் காலத்துக்கு வந்தேன். புகைபோக்கிகள் எழுந்தபோது வானத்தின் நிறம் மாறியதை ஓவியர்கள் பார்த்தார்கள். மாலை முன்பைவிடச் சிவந்தது, அழகாகவும் இருந்தது, விஷமாகவும் இருந்தது. அந்த இடத்தில் என் ஊரைப் பற்றிச் சொல்ல நான் திட்டமிட்டிருக்கவில்லை. தானாக வந்தது. தோல் பதனிடும் ஷெட்டில் குரோமியம் ஏறிய தோல்கள் வெளிர்நீலமாகத் தொங்கும். நாங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைத் தினமும் பார்ப்போம். வாடையும் தெரியும், பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் ருசியும் தெரியும். ஆனாலும் இந்த நாட்டில் முதன்முதலாக மழை கழுவிவிட்ட வானத்தைப் பார்த்தபோது, ‘அட, நம்ம ஊர் நீலம்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. அழகும் நஞ்சும் ஒரே நிறத்தில் இருக்க முடியும் என்பதை எனக்கு எந்த ஓவியமும் புதிதாகச் சொல்லித் தரவில்லை. எனக்கு முன்பே அதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்ற துணையை அந்த ஓவியங்கள் தந்தன. அதற்காகத்தான் இவற்றைப் படிக்கிறேன், இந்தப் பாடத்தை நடத்துகிறேன் என்றேன்.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் இலக்கியாவின் குரல் எனக்குக் கேட்டது. அம்மாவின் காதிலும் போனிலும் சேர்த்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் நெடுநேரமாக.

“அம்மா சொல்லுது ஆயா, அந்தக் காலத்து ஆளுங்க மோடத்த பாத்துனே இருந்தாங்களாம். மோடம் நிக்காதாம். ஓடினே கீதாம். அதுக்குள்ள வரைஞ்சுடணுமாம்.”

மேகத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் மோடம்; அது அவள் வாயில் வருவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பேச்சு நின்றதைப் பார்த்து, நான் ஆழ்ந்து யோசிக்கிறேன் என்று எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

பாடத்தை இப்போதைக்கு நிறுத்தவில்லை என்று சில வாரங்கள் கழித்துச் சொன்னார்கள். என் பேச்சால் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அம்மாவைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள்.

6

பேச்சு முடிந்து தேநீருக்காகக் கூட்டம் எதிர்க் கட்டடத்துக்கு நகர்ந்தது. அருள் சாஸருக்காக மன்னிப்புக் கேட்கப் போயிருந்தார். நானும் அம்மாவும் இலக்கியாவும் புல்லில் உட்கார்ந்தோம். போனில் ஷமீம் அக்கா இன்னும் இருந்தார்.

“தேவகி, ஒண்ணு கேக்கறேன். கோச்சுக்காத,” என்றாள் அம்மா.

“கேளும்மா.”

“இத்தினி வருஷமா நீ படிச்சது இந்த மோடத்தப் பத்தியா?”

“ஆமாம்மா.”

“மோடத்தக்கூட இல்ல. அதப் பாத்துனு இருந்தாங்களே, அவங்களப் பத்தி?”

“ஆமாம்மா.”

“அதுக்கா உனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

“ஆமாம்மா. மாசாமாசம்.”

அம்மா என்னையே பார்த்தாள். அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது. அழப்போகிறாள் என்று நான் கையைப் பிடித்தேன்.

“ஷமீமு, கேட்டியா?” என்றாள் போனைப் பார்த்து. “லைன்ல தலைய நிமித்தினா நம்மள சூப்பர்வைசர் கத்துவான். இவ தலைய நிமித்தி மேல பாக்கறதுக்கே சம்பளம் வாங்கறாடி!”

ஷமீம் அக்கா ஆம்பூரில் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “யா அல்லா! எங்கள மாரி குனிஞ்சு சாவாம, நல்லா மேல பார்த்துனே இருடி தேவகி!” அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. கண்ணீர் வழிய வழிய, அரக்குப் பட்டோடு அப்படியே புல்லில் மல்லாந்து படுத்துவிட்டாள். இலக்கியா அவள் பக்கத்தில் படுத்தாள். நானும் அங்கியோடு படுத்தேன்.

காவலாளி வந்து, கட்டடம் திறந்தாயிற்று, இனி உள்ளே போகலாம் என்றார். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.